நோய்க்கு முன்னே ஒரு கணக்கு

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் என்பன அந்நான்கு. இன்றும் மருத்துவம் இந்நான்கினாலேயே நடைபெறுகிறது. ஆயினும், தனியார் மருத்துவமனைக்குள் நுழையும் குடும்பம் இந்நான்கையும் எட்டுவதற்கு முன்பாக ஐந்தாவதான ஒன்றை எதிர்கொள்கிறது. அது பணம் செலுத்தும் சாளரம். ‘முன்பணமாக எவ்வளவு கட்டுகிறீர்கள்?’ என்று அங்கே எழும் வினாவுக்கு விடை தேடியே பல வீடுகளின் நகைகள் அடகுக் கடைக்குச் செல்கின்றன, நிலங்கள் கைமாறுகின்றன, பிள்ளைகளின் படிப்புக்கென்று சேர்த்த தொகை கரைகிறது. நோய் பத்து நாளில் தீர்ந்துவிடலாம். அதற்காக வாங்கிய கடன் பத்து ஆண்டுகள் தொடரலாம்.

இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலுத்தும் பங்கு 2013-14ஆம் ஆண்டில் 64.2 விழுக்காடாக இருந்தது. 2021-22இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது என்று தேசிய நலவாழ்வுக் கணக்குகள் கூறுகின்றன. குறைந்தது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், நூறு ரூபாயில் ஏறத்தாழ நாற்பது ரூபாய், நோய் வந்த வீட்டாரே அந்த நேரத்தில் தேடிக்கொண்டுவந்து கட்டியது என்பதை மறந்துவிட இயலாது. அந்தச் சுமையைக் குறைக்க நடுத்தர வருவாயினருக்கும் எளியோருக்கும் என்னென்ன வழிகள் உள்ளன, அவற்றுள் எது உண்மையில் மலிவானது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மொய்யும் காப்பீடும்

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடைபெறுவது வழக்கம். ஊரார் கூடி உண்டு, ஒருவருக்குப் பெருந்தொகையைத் திரட்டித் தருகின்றனர். அவர் பின்னாளில் பிறருடைய விருந்துகளில் அத்தொகையைத் திருப்பிச் செய்கிறார். பலர் சிறிது சிறிதாகக் கொடுப்பது ஒருவருக்குப் பெரிதாக உதவுகிறது என்னும் கருத்து இதில் உண்டு. மருத்துவக் காப்பீட்டின் அடிப்படையும் அதுவே. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. மொய் திரும்பி வரும். காப்பீட்டுக்குச் செலுத்தும் பிரீமியம் என்னும் கட்டணம் நோய் வராவிட்டால் திரும்பி வராது. ‘கட்டிய பணம் வீணாயிற்றே’ என்று பலர் இரண்டாம் ஆண்டிலேயே காப்பீட்டைக் கைவிடுவதற்கு இவ்வேறுபாட்டை உணராமையே காரணம். அப்பணம் வீணாவதில்லை. அவ்வாண்டில் நோயுற்ற வேறொருவரின் சிகிச்சைக்கு அது சென்றிருக்கிறது. நோயுறாமல் இருந்தவர் பெற்றது அந்த ஓராண்டுக்கான பாதுகாப்பு.

இக்கருத்தை ஓர் அரசே சட்டமாக்கியது 1883இல். செருமனியில் பிஸ்மார்க் ஆட்சிக்காலத்தில் தொழிலாளர்க்கான நோய்க் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் நிறைவேறி, 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. தனிமனிதர் தாமே விலை கொடுத்து வாங்கும் மெடிகிளெய்ம் பாலிசியைப் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் 1986இல் அறிமுகப்படுத்தின. அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் ஒரு முன்முயற்சி தோன்றிவிட்டது. மருத்துவர் கே. எஸ். சஞ்சீவி சென்னையில் 1958இல் தன்னார்வ மருத்துவச் சேவை அமைப்பை நிறுவினார். குடும்பங்கள் தத்தம் வருவாய்க்கு ஏற்ப ஆண்டுதோறும் ஒரு தொகையை முன்கூட்டியே செலுத்திச் சிகிச்சை பெறும் திட்டம் அங்கே செயற்படுத்தப்பட்டது. வருவாய் குறைந்தவர் குறைவாகவும் மிகுந்தவர் மிகுதியாகவும் செலுத்தினர். பின்னாளில் வணிக நோக்கில் வந்த பாலிசிகளில் இந்த நெறி இல்லை. அவற்றில் கட்டணத்தை வரையறுப்பவை வயதும் நோயும் காப்புத்தொகையுமே, வருவாய் அன்று.

முன்பே கையில் இருப்பவை

காப்பீட்டை விலைக்கு வாங்கப் புறப்படும் முன் ஒரு குடும்பம் தனக்கு ஏற்கெனவே உரியவை எவை என்று அறிந்துகொள்ளுதல் வேண்டும். இதைச் செய்யாமல் முகவர் நீட்டும் படிவத்தில் கையெழுத்திடுவது, வீட்டில் கிணறு இருக்கத் தண்ணீர் வண்டிக்குக் காத்திருப்பதைப் போன்றது.

முதலாவது அரசு மருத்துவமனை. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அங்கு வழங்கப்படும் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்ய 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பிற மாநிலங்களும் பின்பற்றிய முன்மாதிரி. கூட்டமும் காத்திருப்பும் அங்கே உண்டு என்பது மெய்யே. எனினும், பெரிய அறுவை சிகிச்சைக்குத் தனியாரிடம் செல்வதா என்று முடிவெடுக்கும் முன் அரசு மருத்துவமனையில் ஒருமுறை கருத்துக் கேட்பது எவ்வகையிலும் இழப்பாகாது.

இரண்டாவது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கிய முயற்சி 2012 முதல் இப்பெயரில் விரிவுபெற்றது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் இதில் சேரலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்க்கு வருமான வரம்பு இல்லை. 2018இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து இஃது இயங்குகிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை, பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்குப் பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் பணம் செலுத்தாமல் பயன்பெறலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்ய வேண்டும். நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவோர் பலர். சான்று பெறுவதற்கு உகந்த காலம் எல்லோரும் நலமாக இருக்கும் காலமே. 70 வயது நிறைந்தோர்க்கு வருமான வரம்பின்றி 5 இலட்சம் ரூபாய்க் காப்பை ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. அதற்கான பதிவு குறித்தும் அம்மையத்திலேயே கேட்டறியலாம்.

மூன்றாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில், மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதோர்க்கு இது பொருந்தும். ஊதியத்தில் தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர். மாதம் 12,000 ரூபாய் பெறுபவர் தரவேண்டியது 90 ரூபாய் மட்டுமே. அதற்கு அவருடைய குடும்பம் முழுவதும் புறநோயாளர் சிகிச்சை முதல் அறுவை சிகிச்சை வரை பெறுகிறது. இத்துணைக் குறைந்த செலவில் இத்துணை விரிந்த காப்பு வேறெதிலும் கிடைப்பதரிது. தம் ஊதியச் சீட்டில் இப்பிடித்தம் இருப்பதையே அறியாமல் தனியார் பாலிசிக்குப் பணம் கட்டுவோரும் உளர்.

விபத்துக்குத் தனி ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் வரையறுக்கப்பட்ட தொகைவரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

இடையில் நிற்போர்

இவை அனைத்துக்கும் இடையே எந்தக் குடையின்கீழும் வராமல் நிற்கும் குடும்பங்கள் உள்ளன. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மதுரையில் ஆட்டோ ஓட்டும் ஒருவர், வயது 44. அவருடைய மனைவி ஒரு சிறு துணிக்கடையில் விற்பனையாளர், வயது 40. அவருக்கு நீரிழிவு உண்டு. மகள் பதினோராம் வகுப்பு மாணவி. ஆட்டோ ஓட்டுநரின் தாயாருக்கு 71 வயது. இருவர் வருவாயும் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபாய். ஆகவே, முதலமைச்சரின் திட்டத்துக்குரிய வருமான வரம்பை அவர்கள் கடந்துவிட்டனர். கடையில் பணிபுரிவோர் நால்வர் மட்டுமே. ஆகவே, தொழிலாளர் அரசுக் காப்பீடும் இல்லை. ஏழையர் அல்லர் என்பதனால் அரசுத் திட்டம் இல்லை. வசதி படைத்தோர் அல்லர் என்பதனால் தனியார் காப்பீடும் இல்லை. இவ்வாறு இடையில் விடுபட்டோர் மக்கள்தொகையில் குறைந்தது 30 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. தனிநபர் காப்பீட்டைப் பற்றிய அறிவு மிகுதியும் தேவைப்படுவது இவர்களுக்கே.

இக்குடும்பத்தினர் முகவரிடம் முதலில் கேட்கும் வினா பெரும்பாலும் ‘ஆண்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?’ என்பதாகவே இருக்கும். அது தேவையான வினாதான். ஆனால், முதல் வினா அன்று. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் தம் கையிலிருந்து எவ்வளவு கட்ட நேரும் என்பதே முதல் வினா. கட்டணம் குறைந்த பாலிசி பலவேளைகளில் அந்நாளில் விலை மிகுந்ததாக மாறிவிடுகிறது. எவ்வாறு என்பதை ஒரு கணக்கால் காணலாம்.

ஒருவருடைய பாலிசியின் காப்புத்தொகை 3 இலட்சம் ரூபாய். அறை வாடகை நாளொன்றுக்குக் காப்புத்தொகையில் 1 விழுக்காட்டுக்கு மிகலாகாது என்பது அதிலுள்ள ஒரு விதி. அதாவது 3,000 ரூபாய். அனுமதிக்கப்படும் மொத்தச் செலவில் 10 விழுக்காட்டைப் பாலிசிதாரரே ஏற்க வேண்டும் என்பது மற்றொரு விதி. அவர் 6,000 ரூபாய் வாடகையுள்ள அறையில் ஐந்து நாள் தங்கி அறுவை சிகிச்சை பெறுகிறார். அறைக்கு 30,000; அறுவை சிகிச்சை, மருத்துவர், செவிலியர் கட்டணங்களுக்கு 90,000; மருந்துக்கும் பரிசோதனைக்கும் 60,000; ஆக மொத்தம் 1,80,000 ரூபாய். காப்புத்தொகை 3 இலட்சம் இருப்பதால் முழுவதும் கிடைத்துவிடும் என்றே அவர் எண்ணியிருப்பார்.

நடப்பது வேறு. அறை வாடகையில் பாதி, அதாவது 15,000 மட்டுமே ஏற்கப்படுகிறது. உரிய வரம்பைப்போல் இருமடங்கு வாடகையுள்ள அறையை அவர் தேர்ந்தமையால், அறையின் தரத்தைப் பொறுத்து மாறும் அறுவை சிகிச்சை, மருத்துவர் கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டப்பட்டு 45,000 ஆகின்றன. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இவ்வாறு விகித வெட்டுச் செய்தல் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் வரையறுத்துள்ளதால் 60,000 முழுமையாக ஏற்கப்படுகிறது. கூட்டினால் 1,20,000. இதில் 10 விழுக்காடு கழிந்தால் காப்பீட்டு நிறுவனம் தருவது 1,08,000. எஞ்சிய 72,000 ரூபாயைக் குடும்பம் கட்ட வேண்டும். அவரே 3,000 ரூபாய் அறையில் தங்கியிருப்பாராயின், பிற கட்டணங்கள் மாறவில்லை என்றே கொண்டாலும், மொத்தம் 1,65,000 ஆகியிருக்கும். அவர் கட்டவேண்டியது 16,500 மட்டுமே. அறைக்குக் கூடுதலாக ஆனது 15,000. கையிலிருந்து கூடுதலாகச் சென்றதோ 55,500. இவ்விதி பாலிசியில் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். மருத்துவமனையில் சேரும் பரபரப்பில் ‘எந்த அறை வேண்டும்?’ என்று கேட்கப்படும்போது அவ்வரி யாருடைய நினைவுக்கும் வருவதில்லை.

காத்திருப்புக் காலமும் அவ்வாறே கவனிக்கத்தக்கது. பாலிசி எடுத்த முதல் 30 நாள்களுக்கு விபத்தைத் தவிர வேறெதற்கும் காப்பு இராது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கு இரண்டு ஆண்டுவரை காத்திருக்கச் செய்வது பெருவழக்கு. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு முன்னர் 4 ஆண்டு வரை நீண்டது. 2024இல் ஆணையம் அதனை 3 ஆண்டுக்கு மேற்படலாகாது என்று குறைத்தது. எனவே, நோய் வந்தபின் காப்பீடு வாங்குவது என்பது மழை பெய்யும்போது கூரை வேய முற்படுவதாகும். இளமையில் எடுப்பவருக்குக் கட்டணம் குறைவு என்பதுடன், காத்திருப்புக் காலமும் உடல்நலம் நன்றாக இருக்கும்போதே கழிந்துவிடுகிறது.

மறைப்பதால் வரும் கேடு

மேற்கூறிய எடுத்துக்காட்டில் மனைவிக்கு நீரிழிவு உண்டு. விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டால் கட்டணம் கூடும் என்று அஞ்சி, ‘அதையெல்லாம் எழுத வேண்டாம்’ என்று சொல்லும் முகவரும் உண்டு. கேட்பதற்கு இனிய அவ்வறிவுரை பேரிழப்பைத் தரவல்லது. காப்பீடு நம்பிக்கையின்மேல் எழுந்த ஒப்பந்தம். அறிந்த நோயை மறைத்தது பின்னர்த் தெரியவந்தால், நிறுவனம் தொகை தர மறுக்கலாம். பாலிசியையே நீக்கவும் செய்யலாம். பழைய மருந்துச் சீட்டு ஒன்றே அதற்குச் சான்றாகப் போதும். மாறாக, உண்மையைக் கூறி மூன்றாண்டு காத்திருந்தவருக்கு அந்நோய் தொடர்பான சிகிச்சையும் உரிமையாகிவிடுகிறது. இடைவிடாமல் 60 மாதங்கள் புதுப்பிக்கப்பட்ட பாலிசியில், மோசடி நிறுவப்பட்டால் அன்றி, தகவல் கூறவில்லை என்பதைக் காட்டித் தொகையை மறுத்தல் இயலாது என்னும் விதியும் உண்டு. அதை நம்பி மறைப்பது அறிவுடைமை ஆகாது. அந்த ஐந்தாண்டுக்குள் என்ன நேரும் என்பதை யார் அறிவார்?

பாலிசி ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சிடப்படுகின்றன. பல வீடுகளில் அவற்றை வாசிக்கக் கூடியவர் பள்ளியில் பயிலும் மகனோ மகளோதான். காப்பு எவ்வளவு, எவற்றுக்குக் காப்பு இல்லை, காத்திருப்பு எவ்வளவு, யாரிடம் முறையிடுவது என்பவற்றைச் சுருக்கித் தரும் ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்றும், பாலிசிதாரர் விரும்பினால் அதை அவருடைய வட்டார மொழியில் வழங்க வேண்டும் என்றும் ஆணையம் நெறிப்படுத்தியுள்ளது. தமிழில் கேட்டுப் பெறலாம். கேட்பவர் மிகச்சிலர்.

செலவைக் குறைக்கும் வழிகள்

நிறுவனத்துக்கு நிறுவனம் விதிகள் மாறுவதால் ஒப்பிட இயலாமல் மக்கள் திணறுவதை உணர்ந்து, ஆணையம் 2020இல் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்னும் பொதுப் பாலிசியை எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று பணித்தது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அதன் விதிகள் ஒன்றே. கட்டணம் மட்டுமே வேறுபடும். ஆகவே, விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்கத்தக்க பாலிசி இஃது ஒன்றே எனலாம். அறை வாடகை நாளொன்றுக்குக் காப்புத்தொகையில் 2 விழுக்காடு. ஆனால், 5,000 ரூபாய்க்கு மிகாது. செலவில் 5 விழுக்காட்டைப் பாலிசிதாரர் ஏற்க வேண்டும். பெருநகரத்துப் பெரிய மருத்துவமனைகளை நாடுவோர்க்கு இது போதாது. மாவட்டத் தலைநகரின் நடுத்தர மருத்துவமனைகளுக்குச் செல்லும் குடும்பத்துக்கு இது பொருந்தக்கூடும்.

பெரிய காப்புத்தொகையை ஒரே பாலிசியாக வாங்காமல், சிறிய அடிப்படைப் பாலிசியுடன் ‘சூப்பர் டாப்-அப்’ என்னும் மேற்காப்பைச் சேர்ப்பது மற்றொரு வழி. அடிப்படை 3 இலட்சம். அதற்கு மேற்பட்ட செலவுக்கு மட்டும் 10 இலட்சம் ரூபாய் மேற்காப்பு என்று கொள்வோம். ஐந்து இலட்சம் செலவாயின் முதல் 3 இலட்சத்தை அடிப்படைப் பாலிசியும் எஞ்சிய 2 இலட்சத்தை மேற்காப்பும் ஏற்கும். சிறு செலவுகள் அதன் பொறுப்பில் வாராமையால் மேற்காப்பின் கட்டணம் குறைவு. வெறும் ‘டாப்-அப்’ என்பதும் ‘சூப்பர் டாப்-அப்’ என்பதும் ஒன்றல்ல. ஓராண்டில் இருமுறை தலா 2 இலட்சம் செலவானால், முன்னது ஒவ்வொரு முறையையும் தனித்தனியே பார்த்து எதுவும் தராது. பின்னது இரண்டையும் கூட்டி 3 இலட்சத்துக்கு மேற்பட்ட 1 இலட்சத்தைத் தரும். பெயரில் ஒரு சொல்லே வேறுபாடு. பயனில் ஓர் இலட்சம்.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்தின்மீது விதிக்கப்பட்டிருந்த 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. விபத்தினால் நேரும் இறப்புக்கும் உறுப்பு இழப்புக்கும், வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையிலானோர் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 2 இலட்சம் ரூபாய் வரை காப்புப் பெறலாம். இது மருத்துவச் செலவுக்கானது அன்று. வருவாய் ஈட்டுபவரை இழந்த குடும்பத்துக்கானது. மருத்துவமனைகளில் கட்டணத் தள்ளுபடி தருவதாக விற்கப்படும் அட்டைகளோ காப்பீடே அல்ல. தள்ளுபடி தரும் என்ற வாக்குறுதிக்கும் செலவை ஏற்கும் என்ற ஒப்பந்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் அவற்றை வாங்கி ஏமாறுவோர் உண்டு.

காப்பீடு ஏற்காத செலவுகளும் பல. நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை அவற்றுள் முதன்மையானது. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பெரும்பாலான பாலிசிகள் பொறுப்பேற்கின்றன. ஆண்டு முழுவதும் மருந்துக் கடையில் செலவாகும் தொகை அவற்றின் கணக்கில் வருவதில்லை. வணிகப் பெயர் இல்லாத பொதுப்பெயர் மருந்துகளை விற்கும் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் இச்செலவைக் குறைக்க உதவுவன. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது.

சிகிச்சையின் விலையையே குறைத்த முயற்சிகளும் தமிழகத்தில் தோன்றின. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரிடமிருந்து பெறும் வருவாயைக்கொண்டு செலுத்த இயலாதோர்க்கும் அறுவை சிகிச்சை செய்தது. இறக்குமதியான கண்ணக வில்லையின் விலை தடையாக இருந்தபோது, அதைத் தாமே உருவாக்க 1992இல் ஆரோலேப் நிறுவப்பட்டது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் பழங்குடி மக்களின் சங்கமும் அவர்களுக்கான மருத்துவமனையும் இணைந்து 1992 முதல் சமூகக் காப்பீடு ஒன்றை நடத்தின. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகியோர் சிறு தொகை செலுத்தினர்; சங்கம் அவர்கள் அனைவருக்கும் சேர்த்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரே பாலிசியாக வாங்கியது. தனித்தனியே சென்றிருந்தால் அவர்களுள் ஒருவருக்கும் எந்த நிறுவனமும் படிவம் தந்திராது.

மறுக்கப்படும்போது

பாலிசி கைக்கு வந்த 30 நாள்களுக்குள் அதை வாசித்து, உடன்பாடு இல்லையெனில் திருப்பித் தரலாம். நிறுவனத்தின் சேவை நிறைவளிக்காவிடில், கழிந்த காத்திருப்புக் காலத்தை இழக்காமலே வேறு நிறுவனத்துக்கு மாறவும் வழியுண்டு. அதற்குப் புதுப்பிக்கும் நாளுக்குக் குறைந்தது 45 நாள் முன்பாக விண்ணப்பிக்க வேண்டும். பணம் செலுத்தாச் சிகிச்சைக்கான வேண்டுகோளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும் நாளில் இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் தரவேண்டும் என்று 2024இல் ஆணையம் விதித்தது.

தொகை மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் பெற்று முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வாராவிடினும், வந்த விடை ஏற்கத்தக்கதாக இல்லாவிடினும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டுக்கான அவருடைய அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. மருத்துவமனை இரசீதுகள், வீடு திரும்புகையில் தரப்படும் சிகிச்சைச் சுருக்கம், மறுப்புக் கடிதம், பாலிசியின் படி ஆகியவை போதும். இவற்றை ஒரே கோப்பில் வைத்திருக்கும் வீடுகள் குறைவு.

மதுரைக் குடும்பத்துக்கு மீண்டும் வருவோம். தாயாருக்கு 70 வயது கடந்தோர்க்கான திட்டத்தில் பதிவு செய்ய இயலுமா என்று முதலில் கேட்டறிவது அவர்களுக்கு நன்று. அவரையும் சேர்த்துப் பாலிசி எடுத்தால், குடும்பத்தில் மூத்தவரின் வயதையொட்டிக் கட்டணம் மிகவும் உயர்ந்துவிடும். எஞ்சிய மூவர்க்கும் சேர்த்து 3 இலட்சம் ரூபாய்க்கு ஒரு குடும்பப் பாலிசி. வசதி கூடும் ஆண்டில் அதன்மேல் ஒரு சூப்பர் டாப்-அப். கணவனுக்கும் மனைவிக்கும் 20 ரூபாய் விபத்துக் காப்பு. மனைவியின் நீரிழிவுக்கான காத்திருப்பு முடியும் வரை மாத்திரை வீட்டுக்கு வரும். அந்நோயால் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. கட்டணத்தை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்ட இயலாவிடில் மாதத் தவணை உண்டா என்று கேட்கலாம். தவணை தவறினால் 15 நாள் சலுகைக் காலம் கிடைக்கும். விண்ணப்பத்தை நிரப்பப்போகிறவர் பெரும்பாலும் மகளாகவே இருப்பார். ‘நீரிழிவு உண்டா?’ என்னும் கட்டத்துக்கு எதிரே ‘ஆம்’ என்று எழுதி, எத்தனை ஆண்டுகளாக என்பதைத் தாயிடம் கேட்டு அதனருகே குறிக்க வேண்டும்.